இரண்டாவதும் நான்காவதும்

குளிர்பெட்டிக் கதவில் சேந்தனின் துண்டுக் கடதாசி:
"போட்டுப் பார்த்தன். எழும்பேல்லை.
வித்தவன் ஏமாத்திப்போட்டான்.
கறி மேல்தட்டில."

மாலை ஐந்து மணி. சஸ்கட்டூன் இருட்டிவிட்டது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
அவன் பேருந்துகளைக் கழுவப் போய்விட்டான்.
நான் முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடித்து
இப்போதுதான் பூட்ஸைக் கழற்றுகிறேன்.
கட்டிலில் அவன் பக்கம் இன்னும் சூடு.

ஏமாற்றுகிறவன் போல் இல்லை அந்த ஆள்.
மளிகைக் கடைக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில்,
எஞ்சினை அணைக்காமல் இறங்கி வந்தான்.
எட்மன்ரனுக்கு வீடு மாறுகிறானாம்.
கோட்டின் உள்பையில், உடம்புச் சூட்டோடு,
இரண்டு றாம் பட்டைகள். ஒவ்வொன்றும் பதினாறு.
காசை எண்ணவில்லை.
கையுறையைக் கழற்றி
இரண்டு விரலை அகல விரித்துக் காட்டி
ஏதோ சொன்னான். காற்று கொண்டுபோனது.
வெற்றி என்கிறான் என்று நினைத்து
நானும் இரண்டு விரல் காட்டினேன்.

ஸ்வெட்டர் கழற்றினால் பொறி பறக்கிற ஊர்.
கதவுக் குமிழ் கடிக்கும்.
எப்போதாவது நாங்கள் தொட்டுக்கொண்டால்
இரண்டு பேரும் 'ஆ' என்போம்.
ஆகவே காலுறையை உருவிவிட்டு,
கம்பளம் இல்லாத சமையலறைத் தரையில்
பெட்டியைச் சரித்து வைத்துத் திறந்தேன்.
குழாயைத் தொட்டேன். பெட்டியின் இரும்பைத் தொட்டேன்.
கும்பிடுகிற மாதிரித்தான் இருந்தது,
ஆனால் வெறும் மின்சாரம்.

மதர்போர்டைத் தாய்ப்பலகை என்கிறார்கள்.
றாமை நினைவகம் என்கிறார்கள்.
இந்த இரண்டு சொல்லும் கையில் இருந்தால்
யாரும் ஒரு பாட்டம் அழுதுவிடலாம்.
எனக்கு நேரமில்லை.
வெள்ளிக்கிழமை வீட்டு வரைபடம் ஒப்படைக்க வேண்டும்,
பழைய எட்டு ஜிபியில்
கூரையை வரைந்தால் சுவர் காணாமல் போகிறது.

நான்கு ஸ்லொட்டுகள்.
சேந்தன் முதலாவதிலும் இரண்டாவதிலும் செருகியிருந்தான்,
வரிசையில் வந்தவர்கள் வரிசையாய் இருக்கட்டும் என்று.
பார்க்க அழகுதான். தோளோடு தோள்.
திரை கறுப்பு. விசிறி சும்மா சுற்றியது.
பலகையின் ஓரத்தில் ஒரு செம்மஞ்சள் விளக்கு
முழித்துக்கொண்டு நின்றது.

கையேட்டில் பதினேழு மொழி, தமிழ் இல்லை.
படம் இருந்தது.
ப்ரொசெசர் பக்கமிருந்து எண்ணு.
ஒன்றை விடு. இரண்டில் ஒன்று.
மூன்றை விடு. நான்கில் மற்றது.

ஓ. அந்த இரண்டு விரல்.

இந்த ஊர்ப் பேருந்தில் ஏறுகிறவர்கள்
ஒரு இருக்கை விட்டுத்தான் உட்காருவார்கள்.
முதல் வருடம் முழுவதும்
என்மேல் ஏதோ மணக்கிறது என்று நினைத்திருந்தேன்.

கொக்கிகளை நெம்பி, இரண்டையும் உருவினேன்.
பட்டையின் வெட்டு சரியாக நடுவில் இல்லை,
கொஞ்சம் ஒதுங்கி இருக்கிறது,
தப்பாகச் செருகக் கூடாதென்று.
அப்படியும் அழுத்தப் பயம். பலகை வளைகிறது.
உடைந்தது என்று நினைக்கிற அந்தக் கணத்தில்தான்
'டிக்' என்கிறது.
இன்னொரு 'டிக்'.

சுவிட்சைப் போட்டேன். மறுபடியும் கறுப்பு.
ஒரு நிமிடம். இரண்டு.
விரல் அணைக்கும் பொத்தானுக்கு மேலே வந்துவிட்டது.
கையேட்டின் அடியில் பொடி எழுத்தில்:
முதல் தடவை தாமதமாகும்.
பலகை புதுப் பட்டைகளைப் பழகிக்கொள்கிறது.
அணைக்க வேண்டாம்.

விரலை எடுத்தேன்.
கறியைச் சூடாக்கி நின்றபடி சாப்பிட்டேன்.
நேற்று இரவு அவன் இதே இடத்தில் நின்று
இரண்டாம் நிமிடத்தில் அணைத்திருப்பான்,
வேலைக்கு நேரமாகிவிட்டது என்று.

முதுகுக்குப் பின்னால் வெளிச்சம்.
முப்பத்திரண்டு.
இரண்டு பாதையும் திறந்திருக்கிறது என்றது திரை.
கூரையை வரைந்தேன்.
சுவர் நின்றது.

அவன் துண்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன்:
"வித்தவன் நல்லவன்.
ரெண்டாவதும் நாலாவதும்.
நடுவில இடம் விடவேணும்.
கறுப்பாக இருந்தாலும் அணைக்காதை.
கறிக்கு உப்புக் கூடிப்போச்சு.
ஞாயிறு எங்கள் ரெண்டு பேருக்கும் லீவு,
மறந்திடாதை."